பாடர் என்றால் குளிப்பாட்டுபவர்

ஷார்ஜாவில் ஒரே வீட்டை இரண்டு குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்டு வாழ்ந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆளுக்கோர் அறை, நடுவில் ஒரு சின்னக் கூடம். அடுப்பில் இடப்பக்க பர்னர்கள் அவர்களுக்கு, வலப்பக்கம் நமக்கு. குளியலறைக்கு முறை வைத்துப் போக வேண்டும். ஃபிரிட்ஜில் எந்தத் தட்டு யாருடையது என்பது குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம். வாடகை ஏறிக்கொண்டே போன அந்த ஆண்டுகளில் தனி வீடு என்பது மேனேஜர்களுக்கு மட்டும் உரியது. நீங்களும் எதிர் அறைக்காரர்களைச் சித்தப்பா, சித்தி என்றுதான் கூப்பிட்டிருப்பீர்கள். இப்போது அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் உங்களுக்கும் தெரியாது.

நமக்கெல்லாம் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அமீரகத்தில் வளர்ந்த நாலு பேர் கூடினால் ஷவர்மா, ஷாப்பிங் ஃபெஸ்டிவல், கார்னிச் கடற்கரையில் பட்டம் விட்டது என்று உருகுகிறார்கள். எனக்கு உருக வரவில்லை. என்னிடம் இருப்பது ஒரு குளிர்காலம். அதில் யாருடைய பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் எந்த ஊர், எந்தத் தெரு என்று நம் ஆட்கள் இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஜெர்மன்காரர்களின் பெயர்களை மட்டும் சொல்கிறேன். அவற்றால் யாருக்கும் எந்தக் கேடும் வராது.

நாங்கள் ஷார்ஜா ஓரத்தில் முவைலாவில் இருந்தோம். கட்டடத்துக்குக் கீழே ஒரு மளிகைக்கடை, ஒரு லாண்டரி, அதற்கப்பால் மணல். அப்பாவுக்கும் எதிர் அறைச் சித்தப்பாவுக்கும் ஒரே கம்பெனி. துபாயின் அல் கூஸில் தானியங்கிக் கதவுகள் செய்யும் இடம், மேனேஜர் ஒரு ஜெர்மன்காரர். அப்பா கதவு மாட்டுகிற, பழுது பார்க்கிற டெக்னீஷியன். சித்தப்பா அங்கே கணக்குப் பிரிவில் இருந்தார். விடியற்காலையில் கம்பெனி வண்டியில் இருவரும் ஒன்றாகப் போய், துபாய் நெரிசலில் மாட்டிக்கொண்டு இருட்டிய பிறகு ஒன்றாகத் திரும்புவார்கள். எங்களுக்குச் சிவகங்கைப் பக்கம். அவர்களுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம். சித்திக்கு வாயைத் திறந்தால் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை வராது. எனக்கு அப்போது பதினோரு வயது, என்னைக்கூட "சாப்டீங்களா கண்ணு" என்றுதான் கேட்பாள்.

சேர்ந்து குடிவந்த புதிதில் சித்தப்பா நம் ஆட்கள் கேட்கிற வழக்கமான கேள்விகளைக் கேட்டிருக்கிறார். ஊரில் எந்தப் பக்கம், குலதெய்வம் எது, தாத்தா என்ன செய்தார். அப்பா கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். "வைத்தியர்." அது பொய்யில்லை. அந்தப் பதிலில் அவர்கள் திருப்தியாகி, எங்களைத் தங்களுக்கு ஏற்ற ஓர் இடத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள். நாங்களும் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டோம்.

அந்த ஆண்டு மழை என்று ஒன்று அங்கே வருவதற்கு முன்பே சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊரிலிருந்து துணைக்கு யாரையும் வரவழைக்க முடியவில்லை. விசா, டிக்கெட், படுக்க இடம், எதுவும் ஒத்துவரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சித்தி குழந்தையை வைத்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்று அழுதாள். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "குடுங்க இங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அம்மாதான் குளிப்பாட்டினாள். அக்டோபரிலும் அங்கே குழாயில் வருவது வெந்நீர்தான், மாடித் தொட்டி அவ்வளவு காய்ந்திருக்கும். ஹீட்டரை அணைத்து வைத்து அதற்குள் ஆறிய தண்ணீரைப் பிடித்து, குழாய்த் தண்ணீரோடு விளாவி, முழங்கையை நனைத்துச் சூடு பார்ப்பாள். குளியலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்கால்களுக்கு மேலே பாப்பாவைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, கைகால்களை மடக்கி நீட்டுவாள். கடலை மாவும் பயத்தமாவும் கலந்த வாசனையும், அதற்குப் பிறகு போடும் சாம்பிராணியும் வீடு முழுக்கப் பரவும். புகை வெளியே போய்ப் பாகிஸ்தானி வாட்ச்மேன் ஒருநாள் ஓடிவந்து கதவைத் தட்டினார். மக்கில் தண்ணீர் மொண்டு கொடுப்பது என் வேலை. பாப்பா அழவே அழாது, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கும்.

"உங்க கை பட்டா அப்படியே மயங்கிடுதுங்க்கா. எங்கம்மா வந்திருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்க" என்பாள் சித்தி. குழந்தை தூங்கியதும் இரண்டு பேரும் சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, பித்தளை டம்ளரில் காபி குடிப்பார்கள். எனக்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு குழந்தை தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அந்தப் பாப்பாவை அம்மா எப்படித் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள் என்பதை இப்போது நினைத்தால்தான் எனக்குப் புரிகிறது.

வெயில் குறைந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனியில் எல்லாக் குடும்பங்களையும் பஸ்ஸில் அல் ஐனுக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். அங்கே மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்று உண்டு. புல்வெளி நடுவே சிமென்ட் வாய்க்காலில் சுடச்சுட ஓடும், எல்லோரும் கரையில் உட்கார்ந்து காலை விட்டுக்கொள்வார்கள். பிரியாணிப் பொட்டலங்கள் காலியான பிறகு நாங்களும் அப்படி உட்கார்ந்தோம். அம்மா மடியில் பாப்பா. எதிர்க்கரையில் ஜெர்மன் மேனேஜர், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு. கம்பெனிக்கு வந்திருந்த வேறு இரண்டு ஜெர்மன் இன்ஜினியர்களும் பக்கத்தில் இருந்தார்கள்.

மேனேஜர் தண்ணீரைக் காலால் அளைந்துகொண்டே, இந்த இடத்துக்குத் தன்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்றார். அவருடைய குடும்பப் பெயர் பாடர். பாடர் என்றால் குளிப்பாட்டுபவர். அந்தக் காலத்தில் அவர்கள் ஊர்களில் பொதுக் குளியல் வீடுகள் இருந்தனவாம். அதை நடத்துகிறவர்தான் பாடர். தண்ணீர் காய்ச்சுவார், வந்தவர்களைக் குளிப்பாட்டுவார், முடி வெட்டுவார், சவரம் செய்வார், பல் பிடுங்குவார், கட்டியைக் கீறிவிட்டுக் கட்டுப் போடுவார். எல்லாம் ஒரே ஆள். இதைச் சொல்லிவிட்டு, தன் முன்னோர்களின் கத்திக்குத் தப்பியவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று சிரித்தார்.

பிறகு எல்லோருக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. கூட வந்த இன்ஜினியர் ஒருவர் ட்ஸிம்மர்மன், அதாவது தச்சர். இன்னொருவர் கிராவ்ஸ. சுருட்டை முடிக்காரர் என்று அர்த்தம், ஆனால் அவர் தலையில் ஒரு முடி இல்லை. அவரே தலையைத் தடவிக் காட்டினார். ம்யூலர் மாவரைப்பவர், ஊருக்கு ஊர் மாவு ஆலை இருந்ததால் அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு ம்யூலர். ஷ்னைடர் தையல்காரர், வேபர் நெசவாளர். வடக்கே பீட்டர்ஸன், ஹான்ஸன் என்று அப்பா பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டவர்களும் உண்டு என்றதும் சித்தப்பா, "எங்க இனிஷியல் மாதிரி, சார்" என்று இங்கிலீஷில் எடுத்துக் கொடுத்தார். ஆட்களுக்கு வைக்கும் பெயர்களும் அப்படித்தானாம், பழைய சொற்கள் இரண்டை ஒட்டவைத்தது. பெர்ன்ஹார்ட் என்றால் கரடியும் வலிமையும். மேனேஜரின் மாமியார் பெயர் ஹெட்விக், அதில் இரண்டு பாதிக்கும் சண்டை என்றே அர்த்தம். வாய்க்கால் இரண்டு பக்கமும் சிரிப்பு.

சித்தப்பா அப்பாவின் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னார்:

"பாத்தீங்ளாண்ணா? எவ்ளோ பெரிய பொசிஷன்ல இருக்கறவரு. வெக்கமே படாம, எங்க பாட்டன் செரைச்சான்னு சொல்றாருங்க. அதுதானுங்க பெரிய மனசு."

அப்பா அந்த வார்த்தைகளை அப்படியே நம்பினார். என் அப்பா புத்திசாலிதான், எந்தக் கதவின் மோட்டாரையும் சத்தத்தை வைத்தே பிடித்துவிடுவார். ஆனால் மனிதர்கள் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வார். பல வருஷமாக மென்று விழுங்கிய ஒன்றைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எல்லோரும் ஒரே தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தார்கள் அல்லவா.

"சார்," என்றார் எழுந்து நின்று. "மை ஃபேமிலி ஆல்ஸோ. கிராண்ட்ஃபாதர், கட்டிங், ஷேவிங், மெடிசின். ஸேம் பாடர், சார்." பிறகு அம்மாவைக் காட்டி, "மை ஒய்ஃப் சைட், டெலிவரி, பேபி பாத்" என்றார்.

மேனேஜர் வாய்க்காலைத் தாண்டி வந்து, ஈரக்காலோடு அப்பாவைக் கட்டிக்கொண்டார். "கசின்!" என்று கூவினார். இன்ஜினியர்கள் கைதட்டினார்கள். கிளீனர் பையன்கள், டிரைவர்கள், எல்லோரும் கைதட்டினார்கள். சித்தப்பாவும் தட்டினார். சித்தி மட்டும் அம்மாவின் மடியிலிருந்த பாப்பாவைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

"பாலுக்கு அழுவா" என்றாள். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை மட்டும் மெதுவாகச் சொன்னாள், "என்னையும் எதுக்குச் சேத்துச் சொன்னீக?" அப்பாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "இங்க எல்லாரும் கூலிக்காரப் பயலுகதான். இங்க வந்து யாரு என்ன பாக்கப் போறாக?" என்றார்.

மறுநாள் பால்கனியில் துணி காயப்போடும் இடத்தில் சித்தப்பா அப்பாவைப் பிடித்தார். நான் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"தாத்தா வைத்தியர்னு சொன்னீங்க?"

"வைத்தியமும் பாத்தாரு."

"அதுவும் பாத்தாரு, இதுவும் பாத்தாரு. மொதல்லயே சொல்லியிருக்கலாம்."

"சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. இனி சலூன் செலவு மிச்சம்னு வெச்சுக்குவோம்" என்று சித்தப்பா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அப்பா தன் வாழ்நாளில் கத்தரிக்கோல் பிடித்ததில்லை. பிடிக்கக் கூடாது என்றுதான் அவரை ஐடிஐயில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள்.

இரண்டு நாள் சித்தியே பாப்பாவைக் குளிப்பாட்டினாள். தண்ணீர் சூடு சரியாக இல்லை, கண்ணில் மாவு பட்டது, பாப்பா நீலம் பாரிக்க அழுதது. அம்மா எங்கள் அறைக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். இனி அந்தக் குழந்தையைத் தொட விடமாட்டார்கள் என்று அவள் பயந்தாள். அதைத் தவிர வேறு எந்தப் பயமும் அவளுக்கு அப்போது இல்லை. மூன்றாம் நாள் காலை சித்தி வந்து கதவருகே நின்றாள்.

"தண்ணி வெச்சாச்சு. வா" என்றாள்.

அக்கா இல்லை, ங்க இல்லை. எனக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். ஆனால் அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். பாப்பா அவளைப் பார்த்ததும் சிரித்தது. அம்மா அதன் உள்ளங்காலில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டாள்.

வேலை அதேதான். அதே எண்ணெய், அதே மாவு, அதே தண்ணீர். ஆனால் அடுத்த சில வாரங்களில் அது வேறொன்றாக மாறியது. காபி இப்போது பேப்பர் கப்பில் வந்தது. குளியலறைக்கு வெளியே வாஷிங் மெஷின் மேல் வைத்துவிட்டுச் சித்தி போய்விடுவாள். "நாளைக்கு ஏழு மணிக்கே வந்துரு, எனக்கு வெளிய போற வேல இருக்குது" என்று நேரம் குறிக்கத் தொடங்கினாள். எங்களிடம் தோசைமாவு கேட்பதை நிறுத்தினாள். என்னை ஒருநாள் நிறுத்தி, "இனிமே ஆன்ட்டின்னே கூப்புடு, சித்தி எதுக்கு?" என்றாள். அக்கம்பக்கத்தில் மற்றவர்களையெல்லாம் ஆன்ட்டி என்றுதானே கூப்பிட்டோம், நானும் சரி என்றேன். பாப்பாவைப் பார்க்க அஜ்மானிலிருந்து ஒரு சிநேகிதி வந்தபோது, முன்பெல்லாம் "எங்க அக்கா" என்று அறிமுகப்படுத்தியவள், "பாப்பாவுக்குத் தண்ணி ஊத்தறவ" என்றாள். அந்தச் சிநேகிதி தனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலும் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், அங்கே வந்து செய்வாளா என்று அம்மாவைப் பார்க்காமல் சித்தியிடம் கேட்டாள்.

இதெல்லாம் நடக்கும்போது அப்பா சந்தோஷமாக இருந்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பட்டறையில் மேனேஜர் அவரை "கசின்" என்றே கூப்பிட்டார். சாயங்காலம் அப்பா புதிதாகக் கற்ற ஜெர்மன் பெயர்களோடு வருவார். நானும் அவரும் கட்டடத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் குடும்பப் பெயர் வைத்தோம். கீழே டீ போடும் மலையாளிக்கு கோஹ், சமையல்காரர். கம்பெனி வண்டி ஓட்டும் பாகிஸ்தானிப் பட்டாணிக்கு ஃபூர்மன், வண்டிக்காரர். லாண்டரிக்காரருக்கு வெஷர். "உங்கம்மாவுக்கு என்ன வைக்கலாம்?" என்றார் அப்பா. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல், "எனக்கு இப்ப இருக்குற பேரே போதும்" என்றாள்.

பிற்பாடு, பெரியவளான பிறகு, இந்தப் பெயர்களைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். எரிச்சலில் படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கேயும் ஒரு காலத்தில் பல ஊர்களில் பாடர்களை மட்டமாகத்தான் வைத்திருந்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளை தச்சர், நெசவாளர் என்று வேறு தொழிற்குழுக்களில் சேர்க்க மாட்டார்களாம். பிறகு குளியல் வீடுகள் மூடின, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள், ஜனங்கள் மறந்தார்கள், பெயர் மட்டும் வெறும் பெயராக நின்றது. அந்த வெறும் பெயரைத்தான் மேனேஜர் எங்களுக்கு வாய்க்கால் கரையில் எடுத்துக் காட்டினார். அவருக்கு அது செலவில்லாத பெருமை. நல்ல மனிதர்தான், அவர்மேல் எனக்குக் கோபமில்லை என்று சொல்ல ஆசை. ஆனால் இருக்கிறது. அடுத்த கோடைக்குள் அவர் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டார், போகும்போது கசினுக்கு ஒரு சாக்லேட் டப்பா கொடுத்தார்.

அவர் போவதற்கு முன்பே எங்கள் வீட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. பாப்பாவுக்குத் தலை நின்று, ஒருக்களித்துத் திரும்பத் தொடங்கியிருந்த சமயம். ஒருநாள் காலை குளிப்பாட்டி, துடைத்து, நெற்றியிலும் உள்ளங்காலிலும் மை வைத்து அம்மா பாப்பாவை நீட்டினாள். சித்தி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மற்றொரு கையால் ஒரு தட்டை எடுத்து வாஷிங் மெஷின் மேல் வைத்தாள். தட்டில் பச்சரிசி, தேங்காய், வெற்றிலை பாக்கு, கீழே மடித்து வைத்த ஒரு பழைய சேலை. அவள் உடுத்திப் பழசான பச்சைச் சேலை, எனக்கு அதைத் தெரியும்.

"எங்கம்மா போன்ல சொன்னாங்க. மொறைப்படி குடுத்துரணுமாம்" என்றாள். அவள் குரலில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. நல்லது செய்கிற திருப்தி இருந்தது.

ஊரில் பேறு பார்த்துவிட்டு வருகிற பெண்களுக்குக் கொடுக்கும் தட்டு அது. அம்மா சின்னப்பிள்ளையாக இருந்தபோது அப்படி வந்த அரிசியைச் சாப்பிட்டு வளர்ந்தவள். அப்படி வந்த சேலைகளைப் பாவாடையாகத் தைத்துப் போட்டவள். துபாய்க்காரருக்குக் கட்டிக்கொடுத்தபோது, இனி அந்தத் தட்டு தன் வாழ்க்கையில் வராது என்று அவள் நினைத்திருப்பாள். அவள் கை ஈரமாக இருந்தது. சேலையில் துடைத்துவிட்டு, தட்டை வாங்கிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று நான் எத்தனையோ வருஷம் அவள்மேல் ஆத்திரப்பட்டிருக்கிறேன். ஒரே சமையலறையில் நாளைக்கும் நின்றாக வேண்டியவள் அவள்தான், நானில்லை.

சாயங்காலம் அப்பா வந்து சட்டையைக் கழற்றும்போது அம்மா தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் கட்டிலில் வைத்தாள்.

"இந்தாங்க. உங்க கசின் வாங்கிக் குடுத்தது."

அப்பா கட்டிலில் உட்கார்ந்து சேலையை விரலால் தொட்டுப் பார்த்தார். "நான் போயி கேக்குறேன்" என்று எழுந்தார்.

"என்னன்னு கேப்பீக? நீங்கதான அத்தன பேரு முன்னால சொன்னது. அவுக மறக்காம இருந்துருக்காக, அவ்வளவுதான்."

அப்பா மறுபடியும் உட்கார்ந்தார். அன்றைக்குப் பிறகு அவர் எந்த ஜெர்மன் பெயரையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. மாதக் கடைசியில் நாங்கள் வேறு ஆட்களோடு பங்குக்குப் போனோம். அங்கே தாத்தா என்ன செய்தார் என்று கேட்டபோது, விவசாயம் என்றார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் தட்டுக்கு மறுநாள் காலையைப் பற்றி. ஹீட்டர் சுவிட்சை அணைத்த சத்தம், வாளியில் தண்ணீர் விழும் சத்தம் எல்லாம் வழக்கம்போலக் கேட்டன. அம்மா அறைக்குள்ளேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பள்ளிக்கூட பஸ் வரும் நேரம், ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன்.

"தண்ணி விளாவிட்டேன், வா" என்று குரல் வந்தது. அம்மா போகவில்லை. இன்னொரு தடவை வந்தது. பிறகு சித்தியே பாப்பாவோடு வந்து கதவைத் தள்ளினாள். அம்மாவைப் பார்த்ததும் பாப்பா சித்தியின் தோளிலிருந்து முன்னால் விழுந்து கையை நீட்டியது.

"என்ன, வரலியா?"

சித்தி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"ஏன், குடுத்தது பத்தலியா?" என்றாள்.

அம்மா எழுந்து, பாப்பாவின் கை கதவிடுக்கில் மாட்டிக்கொள்ளாதபடி மெல்ல விலக்கிவிட்டு, கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, அதோடு அழுகை. தலைக்கு ஊற்றும்போது புருவத்துக்கு மேலே கையை அணை கட்டினாற்போல வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மூக்கில் ஏறிவிடும். சித்திக்கு அது வரவில்லை. பாப்பா மூச்சு முட்டி முட்டி அழுதது. அம்மா மறுபடியும் தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டியிருந்தாள்.

"நெத்தியில கையை வச்சு ஊத்து," என்றாள் சாத்திய கதவைப் பார்த்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில். "கையை வச்சு ஊத்து."

கீழே பஸ் ஹாரன் அடித்தது. நான் பையை மாட்டிக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்தால்தான் நான் போக முடியும். அழுகை நிற்கும்வரை அவள் திறக்கவிடவில்லை.